றோமாபுரியாருக்கு ஒரு பேஸ்மென்ற்

ஒதுக்கப்பட்ட இனங்களை உள்வாங்கும் திருப்பணிக்கு உலகத்திலேயே தகுதியான ஒரே அமைப்பு, வெக்ஸ்போர்ட் தமிழர் நலன்புரி மன்றம்தான். அரசாங்கமும் அதை உணர்ந்து, 'றோமா மக்களைச் சமூக, பொருளாதார நீரோட்டத்தில் இணைக்கும் கொள்கை'யில் மன்றத்தைப் 'பங்காளி' ஆக்கியிருந்தது.

"றோமா எண்டால் ஆர்?" என்று மன்றக் கூட்டத்தில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்.

"இதென்ன கேள்வி அண்ணை? றோமாபுரி ஆக்கள். பாப்பரசரின்ர ஊர்," என்றார் உபதலைவர் பஸ்ரியன். பிறப்பிலேயே உறோமன் கத்தோலிக்கரான அவரைவிட இதைச் சொல்ல அதிகாரம் பெற்றவர் யார்?

"பாவம், அங்கயும் கஷ்டமோ?"

"கஷ்டமில்லாமலோ உள்வாங்கச் சொல்லுகினம்?"

தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். "என்ர வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. முதல் வாற றோமாக் குடும்பத்துக்கு அதைக் குடுக்கிறன்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவருடைய மனைவி யோகராணி மட்டும் தட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றுகிறவளுக்குக் கை ஒழிய வேண்டுமே. போதாததற்கு, பேஸ்மென்ற்றைக் கூட்டிக் கழுவப் போவது ஆர் என்ற யோசனை வேறு.

வரவேற்பு நாளன்று மண்டபம் முழுக்கப் பாப்பரசர் கொடியின் மஞ்சளும் வெள்ளையும். மேசையில் இடியப்பமும் ஸ்பகெற்றியும் 'நல்லிணக்கமாக'ச் சிக்கிக் கிடந்தன. பஸ்ரியன் இத்தாலிய மொழியில் இரண்டு சொல் பாடமாக்கியிருந்தார்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து முதல் வரிசையில் அமர்ந்தாள்.

"யோகராணியக்கா, உது றோமாக்காரருக்கு ஒதுக்கின கதிரை. உவவைப் பின்னால போகச் சொல்லுங்கோ," என்றார் பஸ்ரியன்.

யோகராணி போய்த் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னாள்.

"நான் றோமாதான்," என்றாள் அந்தப் பெண். "பெயர் இலோனா. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்தோம். ஜிப்சி என்று சொல்லி அங்கே வேலையும் தரவில்லை, வீடும் தரவில்லை. மாத முடிவில் இங்கே அகதிகள் விடுதியையும் விட வேண்டும். உங்களிடம் ஒரு பேஸ்மென்ற் இருக்கிறதாமே?"

பஸ்ரியன் இரண்டு இத்தாலியச் சொல்லையும் விழுங்கினார். தலைவர், தன் மனைவியின் காதருகே குனிந்தார்.

"ஜிப்சியாமடி!"

பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில் இரங்கல் உரை ஆற்றினார். "மிகவும் வருந்துகிறேன். நேற்றுத்தான் பேஸ்மென்ற்றில் பைப் உடைந்துவிட்டது."

இலோனாவின் முகம் மலர்ந்தது. "என் கணவர் பிளம்பர்! வெளியே காரை நிறுத்துகிறார். இன்றைக்கே திருத்தித் தருவார்."

தலைவர் நெற்றியைத் துடைத்தார்.

"அது... உடைந்த பைப் இல்லை. இனி உடையப் போகிற பைப்."

யோகராணி கேத்திலைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து பேஸ்மென்ற் கதவுத் திறப்பைத் தேடத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் அகதியா வந்து வீடு தேடின காலம் ஞாபகமிருக்கோ? எங்கட பேரைக் கேட்ட உடன, போன வீட்டிலயெல்லாம் பைப் உடைஞ்சதே?"

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"இல்லை," என்று திறப்பை எடுத்து இலோனாவின் கையில் வைத்தாள். "அந்தப் பைப்பை நீங்கள் இவ்வளவு காலமும் பத்திரமா வச்சிருந்திருக்கிறியள் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்."