முன்னூற்றுப் பன்னிரண்டு நிரந்தரப் பறவைகள்

மாநகரப் பூங்காவில் வலசைக் காலம் அக்டோபர் பதினைந்தாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் என்று அலுவலகம் முறைப்படி அறிவித்திருந்தது. ரிப்பன் வெட்ட ஆணையர் வருகிறார். பறவைகளுக்கு மட்டும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அவை மூன்றாம் தேதியே வந்து இறங்கிவிட்டன.

அவற்றை முதலில் பார்த்தவர் காவலாளி. பதினோரு வருடமாக அவர் தற்காலிகப் பணியாளர். நிரந்தர ஆணை மேஜை மேஜையாக நகர்ந்து இப்போதுதான் ஆணையர் மேஜைக்கு வந்திருந்தது. இந்த நேரம் பார்த்தா இதுகள் வந்து தொலைய வேண்டும்? ஆனாலும் மனுஷர் நேர்மையானவர். கழுத்து வலிக்க அண்ணாந்து மூன்று தடவை எண்ணி, முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி வைத்தார்.

பூங்கா அலுவலர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விழாவுக்கு முன்னாடி இதுங்களை யாருய்யா உள்ள விட்டது?"

"கேட்டு பூட்டித்தான் சார் இருந்துச்சு. மேல வழியா வந்துடுச்சுங்க."

"மேல யாரு காவல்?"

"யாரும் இல்ல சார்."

"அப்போ நீதான் பொறுப்பு."

அலுவலர் கல்நெஞ்சக்காரர் அல்ல. யோசித்து அவரே வழியும் சொன்னார். வலசைக் காலம் தொடங்குமுன் பூங்காவில் இருக்கிற பறவை வெளியூர்ப் பறவையாக இருக்கவே முடியாது. ஆகவே அது உள்ளூர்ப் பறவை. உள்ளூர்ப் பறவை என்றால் பூங்காவின் உடைமை. இருப்புப் பதிவேட்டில் பெஞ்சு நாற்பது, குப்பைத்தொட்டி பதினெட்டு, அதற்குக் கீழே பறவை முன்னூற்றுப் பன்னிரண்டு என்று ஏற்றி முத்திரை குத்தினார்கள். காவலாளி கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

பதினான்காம் தேதி காலை அத்தனையும் கிளம்பிப் போய்விட்டன.

"உடைமையைத் தொலைச்சவனுக்கு நிரந்தர ஆர்டரா? நாளைக்கு ஆணையர் முன்னாடி முன்னூத்திப் பன்னிரண்டும் இருக்கணும். இல்லேன்னா மறந்துடு," என்றார் அலுவலர்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா எதையாச்சும் எண்ணியிருக்கீங்களா? இப்ப மட்டும் என்ன வேண்டிக் கிடக்கு?"

மறுநாள் விழா சரியாகப் பத்தரைக்குத் தொடங்கியது. பறவை நோக்கர் சங்கத்தார் ஐம்பது பேரும் இலைப் பச்சைத் தொப்பி, இருபது பை வைத்த சட்டை, முழ நீளக் கேமரா சகிதம் வந்திருந்தார்கள். பல சட்டைகளில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. ஆணையர் ரிப்பனை வெட்டித் தொலைநோக்கியை உயர்த்தினார். அதன் மூடியைக் கழற்ற மறந்திருந்தார். எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

மரங்களில் ஒரு ஈ காக்கை இல்லை. காவலாளி மரம் மரமாக அண்ணாந்து பார்த்தார்.

சங்கத் தலைவர் தன் விலை உயர்ந்த கேமராவைப் பார்த்தார். இதை வாங்கி மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "அதோ! மூணாவது மரத்துல!" என்றார்.

"ஆமா, பெண் பறவை," என்றார் செயலாளர்.

"கண்ணு தெரியலையா? அது ஆண்!" என்று பொருளாளர் சண்டைக்கே போய்விட்டார்.

ஆணையர் தலையசைத்தார். "எனக்கும் தெரியுது. மொத்தம் எத்தனை?"

"முன்னூத்திப் பன்னிரண்டு சார்," என்றார் காவலாளி, கண்ணை மூடிக்கொண்டு.

அங்கேயே ஆணையில் கையெழுத்தாயிற்று. மேற்படி முன்னூற்றுப் பன்னிரண்டு பறவைகளையும் எண்ணிக்கை குறையாமலும் கூடாமலும் பராமரிப்பதே நிரந்தரக் காவலாளியின் பணி. மனைவிக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வருடம் நிஜப் பறவைகள் வந்தன. பார்த்ததும் காவலாளிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அலுவலர்தான் பதறிப்போனார்.

"ஏற்கெனவே இருப்பு சரியா இருக்கு. இதுங்களையும் சேர்த்தா இரட்டிப்பாகும். தணிக்கைக்கு நீ பதில் சொல்லுவியா?"

காவலாளிக்கு மனசு வலித்தது. ஆனாலும் நிரந்தரப் பணியாயிற்றே. விசிலை எடுத்து ஊதினார். சங்கத்தாரும் கைதட்டி, தொப்பியை வீசி விரட்டினார்கள். கடைசிப் பறவையும் போனதும், ஆளுக்கொரு வெறும் மரத்தைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியை உயர்த்தினார்கள்.

"யாரும் சத்தம் போடாதீங்க. நம்ம பறவைங்க பயந்துடும்," என்றார் காவலாளி.