3993-ஆம் ஆண்டில் பருத்திப்பட்டு ஏரி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். மிக்ஸி ஏன் முனகுகிறது என்று கழற்றிப் பார்க்கப் போய், ஒரு வாரம் பக்கத்து ஃபிளாட்டில் சட்னி அரைத்தவள். (முனகியது மிக்ஸியே அல்ல, ஃப்ரிட்ஜ்.)

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். குடியிருப்பு ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில். அதனால் ஏரித் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று ஒரு வருஷம் முழுக்க அளந்து வைத்திருந்தேன். வெயில் காலத்தில் எங்கள் கரையோரம் மீன்கள் செத்து மிதக்கும். தண்ணீருக்குள் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றை இந்தப் பக்கமும் வைக்கச் சொல்லி நடைப்பயிற்சி சங்கத்தார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவெடுக்க வேண்டிய பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வர ஒப்புக்கொண்டார். “மேடம், நீங்க கிராஃபைக் காட்டினா போதும். மிச்சத்தை நாங்க பேசிக்கிறோம்” என்றார் சங்கச் செயலாளர் தனசேகர்.

கிராஃப் தயாராகத்தான் இருந்தது. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று அன்று காலை காபியோடு உட்கார்ந்தேன். எண்களைக் கொடுத்தால் கோடாக வரைந்து தரும் ஒரு கம்ப்யூட்டர் லைப்ரரியைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். என்னுடையது அரதப் பழசு. புதியதில் என்னதான் மாறியிருக்கும்? பார்த்துவிட்டால் என்ன? கை தானாகப் போய் அப்டேட் கொடுத்தது.

முதலில் ஒரு எரர். நான் கேட்ட அலங்காரப் பாணி இல்லவே இல்லையாம். தேடிப் பார்த்தால், இருக்கிறது, பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். புதுப் பெயரைக் கொடுத்தேன். உடனே இரண்டாவது எரர். வரையும் லைப்ரரியோடு சேர்ந்து, கணக்குப் போடும் லைப்ரரியும் புதிதாகியிருந்தது. நான் பயன்படுத்திய ஒரு சொல்லை அது ஒழித்தே விட்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்து அருவி மாதிரி கொட்டியது.

என் கணவர் முரளி எட்டிப் பார்த்தார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்.

“நேத்து ஓடுச்சா?”

“ஓடுச்சு.”

“அப்புறம் ஏன் தொட்ட?”

“என்ன மாறியிருக்குன்னு பார்க்கலாம்னுதான்.”

“பார்த்தாச்சுல்ல? பழசையே திரும்பப் போடு.”

நியாயமான யோசனை. ஆனால் ஒவ்வொரு எரரும் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பழசுக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. (உண்மையைச் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் ஜாலியாகவே இருந்தது.) ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய மற்றொன்று. கடைசியில் சிவப்பு எழுத்தே இல்லாமல் படம் வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! கோடு வழவழவென்று ஏறி, மே மாதத்தில் பள்ளமாக இறங்கி, மழைக்காலத்தில் மறுபடி நிமிர்ந்தது.

முரளி எழுத்துப்பிழை பார்த்தார். தலைப்பைப் பார்த்தார். “ம்... பாஸ்” என்றார்.

குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் கூட்டம். பொறியாளர் முன்வரிசையில், கையில் மோர் டம்ளரோடு. சுவரில் படம் பெரிதாக விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு நான் பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகியிருக்காது. ஏரிக்கரையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் கஸ்தூரி அக்கா கையைத் தூக்கினார்.

“இன்னா மேடம், அந்த மூலைல மூவாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தி மூணுன்னு போட்டுகீது? ரூவாயா?”

திரும்பிப் பார்த்தேன். மாதங்களின் பெயர்களுக்கு முன்னால், வருஷம் வரவேண்டிய இடத்தில் 3993.

“அது... வருஷம்” என்றேன். அதைவிட முட்டாள்தனமான பதிலை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஹால் குலுங்கியது. பொறியாளர் மோர் சிந்தாமல் இருக்க டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அப்போ நமக்கு இன்னும் நிறைய டைம் இருக்கு மேடம்” என்றார். மறுபடி சிரிப்பு. முரளி கடைசி வரிசையில் செருப்பைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் பொறியாளர் கேட்டார்: “தப்பா நினைக்காதீங்க. வருஷமே தப்புன்னா, மத்ததை எப்படி நம்புறது?”

தனசேகரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அந்த நிலைமையிலும் எனக்குள் ஒரு குடைச்சல்: ஏன் 3993? தாறுமாறாகப் போயிருந்தால் மாதமும் சேர்ந்தல்லவா கெட்டிருக்க வேண்டும்? மேடையில் நிற்பதை மறந்து, விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். நான் அளந்த வருஷத்தோடு சரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது கூடியிருந்தது. அப்படியானால் வருஷம் மட்டும்தான் நகர்ந்திருக்கிறது!

புரொஜெக்டரை அணைத்தேன்.

“படத்தை விடுங்க. போன வருஷம் மீன் எப்போ மிதந்ததுன்னு நீங்களே சொல்லுங்க.”

“மே மாசம்” என்றது ஒரு குரல். “ஸ்கூல் லீவு வுட்டு கொஞ்ச நாள்லயே. நாத்தத்துல ஜன்னலைத் தொறக்க முடியல.”

“ஜூன்லயும் கொஞ்சம் மெதந்துச்சு” என்றார் கஸ்தூரி அக்கா. “ஒரு மழை பேஞ்சுது. அப்பால ஒண்ணும் இல்ல. யாவாரம் திரும்பி வந்துச்சே, எனக்குத் தெரியாதா?”

ஆளுக்கொன்று சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினேன். பிறகு புரொஜெக்டரைப் போட்டேன். மே மாதத்தில் பள்ளம். ஜூனிலும் தாழ்வு. ஒரு சின்ன எழுச்சி. அதன்பின் ஏற்றம். பொறியாளர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, கோட்டை விரலால் தொட்டபடியே பார்த்தார்.

“வெயிலுக்கு முன்னாடி ஒண்ணை வெச்சுப் பார்ப்போம்” என்றார். “வருஷத்தை மட்டும் மாத்தி அனுப்புங்க.”

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். காரணம் அவ்வளவு எளிமையானது. தேதி என்பது அந்த லைப்ரரிக்கு வெறும் நாள் எண்ணிக்கைதான். பழையது கி.பி. முதலாம் ஆண்டிலிருந்து எண்ணியது. புதியது 1970-லிருந்து எண்ணுகிறது. நானோ என் தேதிகளைப் பழைய எண்ணிக்கையிலேயே சேமித்து வைத்திருந்தேன். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை யாரோ சில பேர் உட்கார்ந்து மாற்ற, எங்கள் ஏரி இரண்டாயிரம் வருஷம் முன்னால் போய்விட்டது! “கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்தினேன். “உன்னோட சந்தோஷத்தைப் பார்த்தா, மானம் போனதே மறந்துபோச்சு போல” என்றார் முரளி.

இயந்திரம் வந்துவிட்டது. அடுத்த கோடையில் மீன்கள் கொஞ்சம்தான் மிதந்தன. ஏரிக்கரையில் எனக்கு ‘நாலாயிரம் மேடம்’ என்று பெயர். அதுகூடப் பரவாயில்லை. முரளி கதையை அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தன் அம்மா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். இப்போதெல்லாம் மாமியார் போனில் கேட்கும் முதல் கேள்வி:

“பொங்கலுக்கு வாரோம்னு சொல்லுதியே, நம்ம பொங்கலுக்கா, ஒன் ஏரி வருசத்துப் பொங்கலுக்கா? அரிசி ஊறப் போடணும்லா!”