சக்கரவர்த்தியின் சவரக்கத்தி

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தோலுறையை எடுத்து, கத்தியை விரித்துப் பார்த்தான் கோபால்சாமி. அலகு முழுக்க பொட்டுப் பொட்டாகத் துரு.

"சகுந்தலா! இங்க வா! குடி முழுவிப் போச்சி!"

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தறீங்க?"

"கத்திக்காகத்தான் கத்தறேன்!"

அது மாமனார் சக்கரவர்த்தியின் கத்தி. திருப்பத்தூரில் மளிகை மண்டி வைத்திருக்கும் அவர், பெயருக்குப் பொருத்தமான மனிதர். கல்யாணத்தன்று, "நான் வயசுப் புள்ளையா இருந்ததுலேர்ந்து என் மூஞ்சியப் பார்த்த கத்தி. பத்திரம் மாப்ள" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். கோபால்சாமியும் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அதாவது, பயத்தில் தொடவே இல்லை. நெல்லிவாசலில் கூட்டுறவுக் கடைக்குக் கணக்கெழுத வந்தவனுக்கு நினைத்தபோது பிளேடால் வழித்துக்கொள்வதே போதுமாக இருந்தது. மலையில் மழை பிடித்தால் விடாது; தோலுறை அந்த ஈரத்தையெல்லாம் குடித்து, கத்திக்கு ஊட்டியிருந்தது.

காலையில்தான் ஜீப் ஓட்டும் குப்பன் சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தான். "அண்ணே, நாளிக்கு உங்க மாமனாரு வர்றாராம். கத்தி விசயமா உங்ககிட்ட பேசணுமாம்."

மூத்த மாப்பிள்ளையின் கதை கோபால்சாமிக்குத் தெரியும். மாமனார் கொடுத்த கைக்கடிகாரத்தை அவர் கிணற்றில் தவற விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளை இல்லை. "கிணத்துக்காரர் சாப்ட்டாச்சா?" என்றுதான் மாமனார் ஊரைக் கூட்டி விசாரிப்பார். நாளை முதல் தான் துருக்காரர்! நினைக்கும்போதே கோபால்சாமிக்கு அழுகை வந்தது.

சகுந்தலா கத்தியைப் பார்த்தாள். பதறவில்லை. "புடிச்சா புடிச்சிட்டுப் போவுது. இப்ப அதுக்கு இன்னா அவசரம்?" என்று தனக்குள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

புருஷன் மானம் போகிறது, இவளுக்குச் சிரிப்பு!

பக்கத்து வீட்டு மாதையன்தான் கைகொடுத்தார். "புளியப் போட்டுத் தேய்யி சாமி. பித்தளக் குண்டான் மாரி மின்னும்."

மின்னத்தான் செய்தது. கோபால்சாமி அதைத் தண்ணீரில் அலசி, மடக்கி, உறையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். காலையில் கத்தி மடிப்பிலிருந்து வர மறுத்தது. இழுத்துப் பிரித்தால், நேற்றுப் பொட்டாக இருந்த துரு இன்று பூராவும் படர்ந்திருந்தது.

"அலசனியே, தொடச்சி வெச்சியா?" என்றார் மாதையன்.

"நீங்க சொல்லலியே!"

"தலைக்கி ஊத்திக்கினா தொவட்டணும்னு ஒருத்தர் சொல்லுவாங்களா? சரி, மறுக்கா தேச்சி, ஈரம் போவத் தொடச்சி, வேப்பெண்ண பூசி வெய்யி. எண்ண இல்லாட்டி சாமையில பொதச்சி வெய்யி. ஈரத்த இழுத்துக்கும்."

ஒரு பாதுகாப்பைவிட இரண்டு பாதுகாப்பு மேல் என்று கோபால்சாமி முடிவு செய்தான். எண்ணெயைத் தாராளமாகப் பூசி, கத்தியைச் சாமைப் பானையில் ஆழமாகப் புதைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது கையில் வந்தது கத்தி அல்ல. நீளமான பொரி உருண்டை. பானையிலிருந்த சாமையும் கசந்து போயிற்று.

சகுந்தலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அந்த நாத்தம் கொமட்டுது!" என்று புழக்கடைக்கு ஓடினாள்.

வேப்பெண்ணெய் யாருக்குத்தான் குமட்டாது? கோபால்சாமி அவளைச் சட்டை செய்யாமல் செங்கல்லைப் பொடித்து, கோபத்தையெல்லாம் சேர்த்துத் தேய்த்தான். சாமை போயிற்று, எண்ணெய் போயிற்று, துருவும் போயிற்று. கூடவே கூரும் போயிற்று. அது தெரியாமல், தினமும் அந்தக் கத்தியில்தான் சவரம் என்று மாமனாருக்குக் காட்டுவதற்காக, வாரக்கணக்கில் வளர்ந்திருந்த தாடியில் சோப்பு நுரையைத் தடவிக் கத்தியை வைத்தான்.

கண்ணில் தண்ணீர் வந்தது. பாதிக் கன்னத்தில் திட்டுத் திட்டாக முடி, மீதியில் கீறல். இந்த மூஞ்சியோடு மாமனார் முன்னால் நிற்க முடியாது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் நிற்கும் இடத்தில் சவர நாற்காலி போட்டிருந்த வடிவேலுவிடம் ஓடினான்.

"இன்னா சார், கரடி கிரடி பொறாண்டிச்சா?"

"பேசாத. வழவழன்னு எடுத்து வுடு. ஒரு முடி நிக்கக் கூடாது."

வடிவேலு கத்தியைத் தீட்டினான். கன்னத்தில் வைப்பதற்கு முன் நிறுத்தினான். "வூட்ல எதனா விசேஷமா சார்?"

"பெரிய விசேஷம்பா. மாமனார் வர்றாரு."

"அவ்ளோதானா? அப்ப சரி" என்று வடிவேலு நிம்மதியாக வழிக்கத் தொடங்கினான்.

திரும்பி வரும்போது வாசலில் ஜீப் நின்றது. குப்பன் வாழைத்தாரையும் பூக்கூடையையும் இறக்கிக்கொண்டிருந்தான். வெள்ளை வேட்டியில் சக்கரவர்த்தி கம்பீரமாக இறங்கினார்.

"வாங்க மாமா!"

"நல்லா இருக்கீங்களா மாப்..." கோபால்சாமியின் கன்னத்தையே பார்த்தார்.

வேலை செய்கிறது என்று கோபால்சாமி பூரித்துப் போனான். கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "உங்க கத்திதான் மாமா!"

"எப்ப... எப்ப பண்ணீங்க?"

"இன்னிக்கும் பண்ணேன். தெனமும் பண்றேன் மாமா. நேத்து, முந்தாநேத்து, போன மாசம் பூரா. ஒரு நாள் தவறினது இல்ல!"

"போன மாசம் பூராவா!" சக்கரவர்த்தி ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு அதன் படியிலேயே உட்கார்ந்தார். வீட்டுக் கதவோரம் நின்ற சகுந்தலா தலையில் அடித்துக்கொண்டாள்.

கோபால்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாப்பா ஆச்சி? பளபளன்னுதானே இருக்கு?" என்று குப்பனிடம் கிசுகிசுத்தான்.

குப்பன் பூக்கூடையைக் கீழே வைத்தான். "அண்ணே, அக்கா முழுகாம கீது, கொழந்த பொறக்கற வரிக்கும் நீங்க மூஞ்சில கத்தியே வெக்கக் கூடாதுன்னு, அத வாங்கிக்னு போவத்தான் அவுரே வந்திருக்காரு!"