நெடுஞ்சாலைக்காரரின் பதினோரு கடிதங்கள்

இணையத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அது இன்னதென்று மனித குலத்துக்குப் புரியவைத்தவர் ஒருவர்தான். அவர் பாடநூல் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே சந்தேகப்பட இடமில்லை.

எட்டாம் வகுப்பு, பாடம் ஏழு: 'இணையம் ஒரு நெடுஞ்சாலை.' இருபது வருடங்களுக்கு முன் அவர் வெளியிலிருந்து எழுதி அனுப்பிய பாடம். அது தேர்வானதால்தான் அவருக்கு இந்த வேலையே கிடைத்தது. பாடநூலில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. ஆனால் அலுவலகம் முழுக்க அவரை நெடுஞ்சாலை என்றுதான் கூப்பிட்டது. பெயர் அச்சேறாத மனிதருக்கு அது போதுமாக இருந்தது. 'இணையத்தை நெடுஞ்சாலையோடு ஒப்பிடுக' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இருபது வருடப் பிள்ளைகள் தகவல் லாரி, தகவல் சிக்னல் என்று எழுதித் தள்ளின. ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒருநாள் காலை பிழை திருத்துவதற்காக அவர் மேசைக்கு வந்த புதிய பதிப்பில், பாடம் ஏழின் தலைப்பு: 'இணையம் ஒரு மேகம்.'

எழுதியது எதிர் மேசைப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம். மின்விசிறிக்கு நேர் கீழே இடம்.

"ஏம்மா, மேகம்னா என்ன?"

"நீராவி சார்."

"ஆவியை நம்பி எவனாவது தன் பொருளைக் கொண்டுபோய் வைப்பானா?"

"வெச்சுட்டாங்களே சார். உங்க போன்ல எடுத்த போட்டோகூட அங்கதான் இருக்கும்."

"என் போட்டோ என் பீரோவுல இருக்கு."

"நல்லது சார். நனையாம இருக்கும்."

வரிசையே சிரித்தது. டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். கொஞ்ச நாளாக டீ முதலில் அந்த மேசைக்குத்தான் போகிறது. சராசரியாக நான்கு நிமிடம் முன்னதாக. நெடுஞ்சாலை கணக்கு வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் மேகம். வைத்தவர் அவரேதான். வைத்த பிறகுதான் உறைத்தது, அவள் சேர்ந்த ஏழு மாதத்திலேயே பட்டப்பெயர் வாங்கிவிட்டாள், தனக்கு இரண்டு வருடம் பிடித்தது என்று.

நேராக இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் அதிகம் பேசாதவர். கண்ணாடியைத் துடைப்பதில் ஆர்வம் உள்ளவர்.

"ஐயா, ரோடுன்னா பிள்ளைங்க தினம் பார்க்கிறது. மேகத்துல என்ன இருக்கு? கையை விட்டா ஈரம்."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார். "பெற்றோர் யாராவது ஆட்சேபிச்சு எழுதினா யோசிக்கலாம். ஆனா பேரும் விலாசமும் இருக்கணும். மொட்டைக் கடுதாசியை நான் தொடமாட்டேன்."

நெடுஞ்சாலைக்கு வழி தெரிந்துவிட்டது.

மதிய இடைவேளையில் இடது கையால் ஒரு கடிதம் எழுதினார். அனுப்புநராகத் தன் மாமனார் பெயரையும் விலாசத்தையும் போட்டார். மாமனாரிடம் கேட்கவில்லை, பெண்ணையே கொடுத்தவர், பெயரையா கொடுக்கமாட்டார்? தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அவருக்குத் தனியாக ஒரு மின்விசிறி சுற்றுவதுபோல இருந்தது.

இரண்டாம் நாள் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்த லெட்டரைப் பாருங்க. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள... அதோட நிக்கலை. உள்ளேயே கட்டம் கட்டி 'உறைமேல் முகவரி' வேற எழுதியிருக்கார்! பரீட்சையில எழுதுற மாதிரியே. நம்ம புத்தகத்தை எவ்வளவு ஊன்றிப் படிச்சிருக்கணும் இந்தப் பெரியவர்!"

நெடுஞ்சாலை இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அச்சுக்கே போகாத பாடத்துக்கு ஆட்சேபணை எழுதுற அளவுக்கு அக்கறை," என்றார் இயக்குநர் நெகிழ்ந்து. "இப்படிப்பட்டவங்க இருக்கும்போது நாமளே முடிவெடுக்கிறது தப்பு. பாடத்தை நூறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக் கருத்து கேட்போம்."

பத்தே நாளில் மேகம் பரவியது. பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பின. எதிர் மேசைச் சுவர் முழுக்க மேகம். ஒரு படத்தில் பெரிய மேகம், கீழே சின்னதாக ஒரு சாலை, சாலையில் குடை பிடித்தபடி ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்குத் தன் மீசை இருப்பதாக நெடுஞ்சாலைக்குப் பட்டது. மேகம் அதைத்தான் நடுவில் ஒட்டியிருந்தாள்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்றாள் மனைவி.

"எந்தப் பொண்ணு?"

"தினம் சாப்பிட உக்காந்தா அவ பேச்சுதானே. மேகம் இப்படிச் சொன்னா, மேகம் அப்படிச் சிரிச்சான்னு."

"அவளைத் திட்டுறேன்டி!"

"இருபத்தாறு வருஷமா என்னை இப்படி ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல திட்டினது உண்டா?"

நெடுஞ்சாலை மோரை ஊற்றிக்கொண்டார்.

ஒரு கடிதம் போதாது என்று தெரிந்துவிட்டது. சித்தப்பா, மச்சினன், சகலை, பல் டாக்டர், முடி வெட்டுகிறவர் என்று பத்துப் பேர் பெயரில் பத்துக் கடிதம் எழுதினார். இந்த முறை கட்டம் இல்லை, உறைமேல் முகவரி இல்லை. சாதாரண ஜனங்கள் எழுதுவதுபோல வரிக்கு இரண்டு பிழை, பார்த்துப் பார்த்துப் போட்டார்.

மூன்றாம் நாள் தபால் பிரிவில் இருப்பவர் வழிமறித்தார். வருகிற கடிதத்தையெல்லாம் பிரித்து முத்திரை குத்துவது அவர் வேலை, பெயரும் முத்திரைதான். அலுவலகத்தில் மேசை நாற்காலிகளுக்கு அடுத்தபடி பழையவர்.

"மேலதானே போறீங்க சார்? இந்தப் பத்தையும் இயக்குநர்கிட்ட குடுத்துடுங்க."

படியேறும்போது நெடுஞ்சாலை தன் கடிதங்களைப் பார்த்தார். இருபது வருடமாகப் பிழை திருத்திய கண் அது. முதல் மாடியில் தன்னோடு போராடினார். 'நீயே போட்ட பிழைதானே, போ' என்று காலைத் தூக்கி வைத்தார். திருப்பத்தில் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. ஒரே ஓர் ஒற்று, அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டார். இயக்குநர் அறை வாசலை அடைந்தபோது பத்துக் கடிதமும் அச்சகத்துக்குப் போகத் தயாராக இருந்தன.

இயக்குநர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"தாங்களே எழுதி, தாங்களே சிவப்பு மையில திருத்தியும் அனுப்பியிருக்காங்க. இவங்களுக்கு ஒரு வரியில பதில் போட்டா மரியாதையா இருக்காது. இணையம் ஏன் மேகம்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, விளக்கமா எழுதணும். அதுக்கு நல்ல நடை வேணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

"நானா? மேகத்தைப் பத்தியா?"

"பதினோரு பேருக்கும்."

முதல் பதிலை வேண்டுமென்றே மோசமாக எழுதினார். இயக்குநர் திருப்பி அனுப்பினார். எதிர் மேசை எட்டிப் பார்த்தது.

"நான் வேணா எழுதட்டுமா சார்? உங்களுக்குச் சிரமமா இருந்தா..."

அந்தச் 'சிரமமா' என்ற சொல் நெடுஞ்சாலையின் வயிற்றில் நெருப்பாக விழுந்தது. மேகத்தைப் பற்றித் தனக்கு எழுத வராது என்று இவள் நினைப்பதா? எழுதிக் காட்டிவிட்டு எதிர்ப்போம் என்று முடிவு செய்தார்.

எழுத ஆரம்பித்ததும் நிற்கவில்லை. 'சாலையில் போக நாம் வீட்டைவிட்டு இறங்கவேண்டும். மேகமோ நாம் போகுமிடமெல்லாம் தலைக்கு மேலேயே வருகிறது' என்று மாமனாருக்கு எழுதினார். பல் டாக்டர் பெயரில் வந்த கடிதம்தான் படுத்தியது. அதில் நெடுஞ்சாலைக்கு ஆதரவாக இருந்த வாதத்தை இரண்டு நாளாகியும் உடைக்க முடியவில்லை. எழுதினவன் பெரிய கெட்டிக்காரன் என்று பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள் உடைத்தபோது, அவனைத் தோற்கடித்த மகிழ்ச்சியில் தானே போய் டீ வாங்கிக் குடித்தார்.

பதில்கள் ஒவ்வொன்றாகத் தபாலில் போயின. ஒருநாள் மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நான் லெட்டரே போடலை, உங்க ஆபீஸ்லேருந்து பதில் வந்திருக்கு!"

"அது... ஏதோ விலாசம் மாறியிருக்கும் மாமா. கிழிச்சுப் போட்டுடுங்க."

"கிழிக்கிறதா? ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன். இணையம்னா என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. நீங்க இத்தனை வருஷமா ரோடு ரோடுன்னு சொன்னீங்க. மாப்பிள்ளையாச்சேன்னு தலையாட்டினேன். யாரு எழுதினது? அந்தப் புதுப் பொண்ணா?"

நெடுஞ்சாலை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமா மாமா," என்றார்.

பத்துப் பதில் முடிந்ததும் இயக்குநர் உத்தரவு வந்தது. பாடம் ஏழு, 'இணையம் ஒரு மேகம்' என்றே அச்சாகும். பதில்களிலிருந்து நல்ல பத்திகளை எடுத்து அதற்கு முன்னுரையாகச் சேர்க்கவேண்டும். வழக்கம்போல எழுதியவர் பெயர் இருக்காது.

மேகம் அந்தத் தாளோடு அவர் மேசைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாடத்தைவிட முன்னுரை நல்லா இருக்கு சார். உண்மையைச் சொன்னா, எரியுது."

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நெடுஞ்சாலையின் வயிறு குளிர்ந்தது. "உக்காரும்மா," என்றார். அவருக்கு வந்த டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு அது முதலில் வந்த டீ.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பதினோராவது பதில் முடிந்தே போயிருந்தது. ஆனாலும் நெடுஞ்சாலை உட்கார்ந்திருந்தார். மேகப் பாடத்துக்கு ஆதரவாக ஒரு வரி கூடுதலாக எழுதினார். அடித்தார். இன்னும் நல்லதாக ஒன்று எழுதினார். தாளைத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்து ரசித்தார்.

கடைசித் தபாலை எடுத்துப்போக வந்த முத்திரை, அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார், நீங்க இங்க சேர்றதுக்கு முன்னாடி உங்க நெடுஞ்சாலையை எதிர்த்தும் இதே மாதிரி பதினோரு லெட்டர் வந்துச்சு, அதுக்கு முந்தின ஏழாம் பாடம் 'இணையம் ஒரு கடல்', எழுதினது நம்ம இயக்குநர், அவரையே உக்காரவெச்சுத்தான் அத்தனைக்கும் பதில் எழுத வெச்சாங்க."