போர்ஷன் நைனா காட்டிய கப்பல்

முகப்பேரிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள ஜனங்களைப் படைத்தது கடவுளாக இருக்கலாம். அவர்களில் யாரை எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில், எந்தப் பக்க போர்ஷனில் வைப்பது என்று முடிவு செய்தது போர்ஷன் நைனாதான்.

அவர் வீட்டு புரோக்கர். மண்ணூர்பேட்டை டீக்கடை பெஞ்சில் இடது ஓரம்தான் அவருடைய ஆபீஸ். காலியாக இருக்கும் வீடுகளின் சாவிகள் அத்தனையும் அவர் இடுப்பில் கொத்தாகத் தொங்கும். அவர் நடந்து வந்தால் மணி கட்டிய மாடு வருகிறது என்று நினைத்துப் பெண்கள் வாழைப்பழத் தோலோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

நான் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் அதைக் குட்டியானை என்போம். அவர் வீடு பிடித்துக் கொடுப்பார், நான் சாமான் ஏற்றி இறக்குவேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. யாராவது ஏதாவது கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எனக்கும் சேர்த்து அவர் பேசுவார். யானை வைத்திருப்பவன் பாகன்தானே என்று என்னைப் 'பாகா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒருவருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்காது. வீடுதான் ஞாபகம் இருக்கும். ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மணமக்களை அறிமுகம் செய்துவைத்தார்.

"பொண்ணு யாரு தெரியும்ல? கீழ் போர்ஷன், தனி பாத்ரூமு, பைக் வுட எடம் கீது. மாப்ள மொட்ட மாடி ஒத்த ரூமு. வெயிலு காலத்துல பேஜாரு. ஆனா காத்து வரும். நல்ல பையன்."

எங்கே போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்தார். ஜன்னல் கதவை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு நர்ஸம்மாவிடம் போய், "தாயி, அந்த மூல கட்டிலு எப்ப காலியாவும்? இவுரு ரொம்ப அமைதியான பார்ட்டி. சுவத்துல ஆணி அடிக்க மாட்டாரு" என்று கேட்டார். மறுநாள் என்னை மூலைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே காற்று நன்றாகத்தான் வந்தது.

கல்யாணமாகாத பையன்களுக்கு யாரும் வீடு கொடுக்காத தெருவில் அவர் நான்கு பேரைக் குடிவைத்ததை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள். வீட்டுக்காரரிடம், "நாலு பேரும் கூடப் பொறந்தவங்க சார், குடும்பம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் விவரமானவர். "இன்னா நைனா, ஒருத்தன் நாகர்கோவில் பேச்சு பேசறான், ஒருத்தன் கோயமுத்தூரு. அந்தக் கடைசிப் பையன் இந்திதான் பேசறான்!"

"அவன் சின்ன வயசுல திருவிழாவுல காணாப்பூட்டான் சார். இப்பத்தான் கெடச்சான். பாவம், பாஷ மறந்துட்சி."

பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் கப்பல் விஷயம் போய் மாட்டியது.

என் மகள் நித்யா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிகிறது என்று, என்னையும் அவள் அம்மா ஜெயந்தியையும் மூன்று நாள் கப்பல் பயணம் அனுப்பப்போவதாகச் சொன்னாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து இறங்க வேண்டும். கைப்பேசியில் படம் காட்டினாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். படத்தை மட்டும் பார்த்தேன்.

மூன்று வகை அறை. ஒன்றில் ஜன்னலே கிடையாது. அதற்குத்தான் கட்டணம் குறைவு. இன்னொன்றில் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். மூன்றாவதில் கதவைத் திறந்தால் பால்கனி, அப்புறம் கடல்.

"எதும்மா வேணும்? ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்" என்றாள் நித்யா.

ஜெயந்தி யோசிக்கவேயில்லை. "ஜன்னல் இல்லாதது போதும். தூங்கத்தானே போறோம்."

"கட்டணத்தப் பாக்காத. உனக்கு எது புடிச்சிருக்குன்னு சொல்லு."

"எனக்கு எல்லாமே புடிச்சிதான் கீது. அதான் போதும்னு சொல்றேன்ல."

நித்யாவின் கண் கலங்கிவிட்டது. "பொடவைக் கடைக்குப் போனாலும் இதே போதும். ஓட்டலுக்குப் போனாலும் இட்லி போதும். உனக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியலம்மா. ஒரே ஒரு தடவ நீ ஆசப்பட்டத வாங்கித் தரணும்னுதான் இவ்ளோவும் பண்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீயாவது சொல்லு. அம்மாவுக்கு எது புடிக்கும்?"

இருபத்தைந்து வருடம் கூட இருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். நாங்கள் இருக்கும் வீட்டில் உள்ள ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் டீக்கடையில் என் முகத்தைப் பார்த்தே நைனா விஷயத்தைக் கறந்துவிட்டார். "ஏன்டா பாகா, ரூமு பாக்கணும்னா என்னாண்ட சொல்ல மாட்டியா?" என்று கேட்டு, கப்பல் ஆட்களின் நம்பரை வாங்கி அங்கேயே போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"தாயி, அந்த ரூமுங்கள்ல தண்ணி எப்டி? போரா, கார்ப்பரேஷனா?"

"சார், அது கப்பல் சார். இருபத்து நாலு மணி நேரமும் நல்ல தண்ணி வரும்."

"எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்க. சரி, எந்தப் பக்கம் பாத்த வாசலு?"

"கப்பல் திரும்பும் சார்."

திரும்புகிற வீட்டை நைனா கேள்விப்பட்டதில்லை. டீயை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப போம்போது கெழக்கு, வரும்போது மேற்கு. ரெண்டுக்கும் ஒரே வாடகையா? சரி, வுடு. மேல் போர்ஷன்ல யாரு கீறாங்க?"

"மேல் மாடி ரூம்களுக்கு மேல நீச்சல் குளம் சார்."

"ஒழுகும். நாற்காலிய இஸ்துகினே இருப்பாங்க. வாணாம்."

அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "உண்மதான் சார். சத்தம் கேக்கும். ரெண்டு மாடி கீழ எடுங்க. அதுவும் கப்பலோட நடுவுல எடுங்க, ஆட்டம் கம்மியா இருக்கும். இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

"நீ எங்க தாயி குடியிருக்கே?"

"கோவில்பதாகை சார்."

"கீழ் போர்ஷனா? மழைக்குத் தண்ணி பூருதா?"

"முட்டி வரைக்கும் சார்."

"என் நம்பர எய்தி வச்சிக்க. தீபாவளிக்குள்ள மாடிக்கு மாத்திர்லாம். இப்ப இத்த சொல்லு, ரூம எப்ப வந்து பாக்கலாம்? சாவி யாராண்ட கீது?"

முன்பதிவு செய்யாமல் கப்பலுக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்று அவள் சொன்னாள். நைனாவால் அதைத் தாங்க முடியவில்லை. "பாக்காம எவனாவது அட்வான்ஸ் குடுப்பானா? என் சர்வீஸ்ல நடந்ததில்ல. பாகா, ஞாயித்துக்கெழம காலீல தங்கச்சிய இட்டுக்கினு வண்டியோட வா. மூணு ரூமையும் நான் காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தி முனகிக்கொண்டேதான் வண்டியில் ஏறினாள். மதிய சமையல் அவளுக்கு முக்கியம். நைனா பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டு வழி சொன்னார்.

முதல் இடம் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய குடோன். ஜன்னல் கிடையாது. ஒரு டியூப் லைட். எங்கள் இருவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பக்கத்துப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அது கப்பலு இன்ஜின்னு வச்சிக்கோங்க!" என்று வெளியிலிருந்து கத்தினார். "பத்து நிமிஷம் குந்துங்க!"

ஜெயந்தி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். கதவு திறந்ததும், "நல்லாத்தாண்ணே கீது. இதே போதும்" என்றாள்.

இரண்டாவது, முகப்பேரில் ஒரு ஹவுசிங் போர்டு வீடு. இரண்டாவது மாடி. ஜன்னல் துருப்பிடித்துப் போயிருந்ததால் திறக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர் வீட்டுச் சமையலறை. அங்கே ஒரு அம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்தம்மா எடத்துல கடல வச்சிக்கோ" என்றார் நைனா.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார். "யாரு வேணும்? இன்னா அப்டி மொறச்சிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. நீதான் கடலு. நீ பாட்டுக்கு உன் வேலயப் பாரு."

அந்த அம்மாள் கரண்டியோடு கிளம்பி வருவதற்குள் நாங்கள் படியிறங்கிவிட்டோம். ஜெயந்தி சிரித்துக்கொண்டே, "இதுவும் நல்லாத்தான் கீது. மொதல்லதே போதும்ணே" என்றாள்.

மூன்றாவது, கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடி. ஆறாவது மாடி. ஹாலைத் தாண்டிப் பால்கனிக் கதவை நைனா திறந்துவிட்டார். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஏரி நிறைந்து கிடந்தது. காற்று உள்ளே வந்து தரையிலிருந்த பழைய செய்தித்தாளைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது.

ஜெயந்தி வெளியே போனாள். துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்று மேலே பார்த்தாள். பிறகு கைப்பிடிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மத்தியானச் சமையலுக்கு நேரமாகிறதே என்று நான் கூப்பிடப் போனேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்புடாத. தானா திரும்பற வரைக்கும் கூப்புடக் கூடாது."

சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஜெயந்தியின் தலைமுடி காற்றில் கலைந்து பறந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. வீட்டில் ஒரு இடத்தில் இத்தனை நேரம் அவள் சும்மா நின்று நான் பார்த்ததேயில்லை.

கடைசியில் அவளாகவே திரும்பினாள். தூங்கி எழுந்த மாதிரி இருந்தது முகம். "ஐயய்யோ, நேரமாயிட்சா? வாங்க போலாம். அந்த மொத ரூமே போதும்ணே."

"சரி தங்கச்சி. மொத ரூமே போட்டுர்லாம்" என்றார் நைனா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படியில் ஜெயந்தி முன்னால் இறங்கிப் போனதும் என் காதோரம் வந்தார்.

"வாயி சொல்றத நம்பி வூடு குடுத்தேன்னா மூணே மாசத்துல காலி பண்ணிக்கினு பூடுவாங்க. எந்த எடத்துல காலு நிக்குதுன்னு பாக்கணும். பொண்ணுக்குப் போன் போட்டு பால்கனின்னு சொல்லு. ரெண்டு மாடி கீழ, நடுவுல."

நான் போன் போட்டேன். அம்மா ஆறாவது மாடியில் நின்றதைச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பக்கம் நித்யா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

கப்பலில் அறைக்கதவைத் திறந்ததும் ஜெயந்தி பயந்துவிட்டாள். "தப்பான ரூம் குடுத்துட்டாங்க போல. யாராவது வர்றதுக்குள்ள போயி சொல்லிடலாம் வாங்க."

"இல்ல. இதான் நம்மளது" என்றேன். பீரோவுக்குப் பின்னால் போகாமல் நான் சொன்ன வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவை நகர்த்திவிட்டு வெளியே போனாள். கரை கண்ணிலிருந்து மறைவதற்கு முன் நித்யா கைப்பேசியில் கூப்பிட்டாள். "அம்மா, புடிச்சிருக்கா?"

ஜெயந்தி வழக்கம்போல 'போதும்' என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். "நித்யா, எனக்கு இதாண்டி வேணும்னு இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் சிக்னல் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து நான் நைனாவிடம் நன்றி சொல்லப் போனேன். டீ கிளாஸை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பலைப் பற்றி, கடலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தங்கச்சி நின்னுதா?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாளும் நின்றாள் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேறு ஒரு பார்ட்டியோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமிருந்து போன் வருகிறது.

"பாகா, அயப்பாக்கத்துல ஒரு பால்கனி காலியா கீது. சாவிய டீக்கடைல குடுத்துட்டுப் போறேன். தங்கச்சிய இட்டுக்கினு போ."

"நம்மால அவ்ளோ வாடக குடுக்க முடியாது நைனா."

"உன்ன யாரு குடிவரச் சொன்னது? வேற பார்ட்டி வர்ற வரைக்கும் அது சும்மாத்தான கெடக்குது. கொஞ்ச நேரம் நின்னுட்டு வரட்டும்."

நாங்கள் போகிறோம். பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு முதலிலெல்லாம் நான் ஹாலிலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது நானும் போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன்.