கல் கையில் உள்ளவரே பேசலாம்

பெற்றதோ வளர்த்ததோ, பிள்ளையின் கதையை ஊரெல்லாம் சொல்லியே பெயரெடுக்கும் தாய்மார் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடையில் பணம் கட்ட நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் குழந்தையைப் பார்த்துச் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், கதை தொடங்கிவிடும். வரிசை நகரும், கதை நகராது. உலகமெங்கும் பரவிக் கிடக்கும் இந்த இனத்தின் முதல் தரமான வகையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை மாதம் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். சீனத்திலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்த குடும்பங்கள் அங்கேதான் ஆண்டுக்கொருமுறை கூடி, மரக்குடில்களில் தங்கி, கொசு மருந்தைப் பூசிக்கொண்டு, ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றன.

அந்த முகாமுக்கு மார்லிஸ் எங்கபிரெட்சன் அம்மையார்தான் எல்லாம். அவரைத் தலைவியாக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மினசோட்டாக்காரர்கள் தேர்தல் வைத்து மனவருத்தத்தை விலைக்கு வாங்க மாட்டார்கள். காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் யார் முதலில் போய் நிற்கிறாரோ அவரிடமே எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். மார்லிஸ் நின்றார். பிறகு நகரவே இல்லை.

அந்தச் சமூகத்தில் அந்தஸ்து என்பது பட்டத்தாலோ பதவியாலோ வருவதல்ல, பட்ட பாட்டால் வருவது. யார் அதிகக் காலம் காத்திருந்தார், யாருடைய விமானம் எங்கே சிக்கியது, யார் எந்த அலுவலக வாசலில் மயங்கி விழுந்தார் என்பதுதான் கணக்கு. புதிதாக வந்த தாய் ஒருத்தி, "எங்களுக்கு ரெண்டு வருஷம் இழுத்துட்டாங்க" என்று பெருமூச்சு விட்டால், மார்லிஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்ல, உங்களுக்குச் சீக்கிரமே முடிஞ்சிருச்சு" என்பார். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை பெருமூச்சு விட மாட்டாள்.

சனிக்கிழமையானால் தாய்மார் எல்லாரும் சீனப் பட்டுச் சட்டைக்குள் நுழைந்துகொள்வார்கள். பொன்னிறக் கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, சாப்பிட வைத்திருந்த குச்சிகளில் இரண்டை எடுத்துச் செருகிக்கொள்வார்கள். தகப்பன்மார் முட்டிவரை உயர்ந்த மீன்பிடிக் காலணிகளோடு ஒரு படுக்கை விரிப்புக்குள் புகுந்து டிராகன் ஆடுவார்கள்; தலையாக ஆடுபவர் மார்லிஸின் கணவர் டுவெய்ன். ஆண்டு முழுக்க அவர் வாயில் வரும் சொற்கள் மிகவும் குறைவு. விரிப்புக்குள் இருக்கும்போது அந்தக் குறை தெரியாது என்பதால் அவருக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது.

இந்த ஆண்டு கொழுக்கட்டை பிடிக்கக் கற்றுத்தர, நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வென்ஜிங் என்ற சீனப் பெண்ணை அழைத்திருந்தார்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் சீனத்திலேயே. அவள் மாவை மடிப்பதைப் பார்த்த மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்லம்மா. உங்க ஊர்ல மடிப்பு இந்தப் பக்கமாத்தான் வரணும்."

"எனக்குத் தெரியாது மேடம். எங்க வீட்ல கடையில வாங்கிருவோம்."

"அதான் பாருங்க. ஒவ்வொண்ணா எல்லாமே போயிட்டிருக்கு" என்று மார்லிஸ் சீனத்துக்காக வருந்தினார். வென்ஜிங் சீனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

இத்தனை கூத்தும் யாருக்காக? பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் எங்கே? படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். கொழுக்கட்டை பக்கம் அவர்கள் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆனாலும் ஜூலை வருமுன்பே பையைக் கட்டிவிடுவார்கள். பள்ளியில், கடையில், தேவாலயத்தில், 'நீ எந்த ஊர்? உன் நிஜ அம்மா எங்கே?' என்று ஆண்டு முழுவதும் கேட்கப்படும் கேள்விகளை அந்தப் பலகையில் மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த நிம்மதிக்காகவே மார்லிஸின் மகள் சோல்வே வருவாள். பதினான்கு வயது. முகம் சீனத்தது, பெயர் மார்லிஸின் நார்வே வம்சத்தது, புத்தி முழுக்கப் பனி ஹாக்கியில். ஊர் அணிக்கு அவள்தான் கோல்கீப்பர்.

சரி, கதைக்கு வருவோம். கதை என்றால் மார்லிஸ் சொல்லும் கதை. கைக்குழந்தையாகச் சோல்வே எந்த இடத்தில், யார் கண்ணில், எந்த நிலையில் பட்டாள் என்பதில் தொடங்கி, மார்லிஸின் மடிக்கு வந்து சேர்ந்தது வரைக்கும். எங்கே குரல் தாழும், எங்கே மூக்குக் கண்ணாடி கழலும், எங்கே டுவெய்ன் காகிதக் கைக்குட்டையை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. பல் மருத்துவர் கேட்டிருக்கிறார், அஞ்சல்காரர் கேட்டிருக்கிறார். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவர் திருப்புளியைக் கையில் பிடித்தபடியே அழுதிருக்கிறார். ஏரிக்கரையில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. கதைக்கு உரியவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு வரும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து அவளே கேட்டாள்.

"அம்மா, இந்தத் தடவை என் கதைய சொல்லாத."

"எந்தக் கதைடா கண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஜோலீன் ஆன்ட்டி புதுசா வர்றாங்க. அவங்க காதுல விழுந்தா பிரிட்டா காதுல விழுந்த மாதிரி. பிரிட்டாவுக்குத் தெரிஞ்சா டீம் பூராத் தெரிஞ்ச மாதிரி."

ஜோலீன் அதே ஊர்க்காரி. அண்மையில் ஒரு சின்னப் பையனைத் தத்தெடுத்தவள். அவளுடைய மூத்த மகள் பிரிட்டாதான் ஹாக்கி அணியின் தலைவி.

"தெரிஞ்சா என்ன? எல்லாரும் உன் மேல இன்னும் பிரியமா இருப்பாங்க."

"பாவமா பாப்பாங்கம்மா."

"அன்பாத்தானே பாக்கறாங்க."

"நான் கோல்கீப்பர். என்னைப் பாத்தா பயப்படணும்."

டுவெய்ன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ சொல்றது மோசமில்ல" என்றார். அவர் கணக்கில் அது ஒரு முழுநீளச் சொற்பொழிவு. கணவரே பேசிவிட்டதால் மார்லிஸ் இறங்கிவந்தார். "சரி. சத்தியமா அந்தக் கதைய சொல்ல மாட்டேன், போதுமா?"

மார்லிஸ் சொன்ன சொல் தவறாதவர். ஆபத்தே அதில்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து, வெயில் இன்னும் ஏரிமேல் கிடக்கும்போதே, மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் எடுத்த வழவழப்பான கல் ஒன்று கைமாறிக்கொண்டே வரும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம்; மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, எழுந்து போகக்கூடாது. முன்பொருமுறை தன் கதையின் நடுவே யாரோ தும்மி, உருக்கம் கலைந்துவிட்டது என்பதற்காக மார்லிஸ் கொண்டுவந்த சட்டம் இது.

ஜோலீன் கல்லை வாங்கி, "பையன் இன்னும் சரியா தூங்கறதில்ல. நான் பண்றது சரியான்னு தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டாள். நிஜமான கஷ்டம் எப்போதும் இப்படித்தான், ரத்தினச் சுருக்கம். அடுத்துக் கல் மார்லிஸிடம் வந்தது.

"இந்த வருஷம் நான் கதை சொல்லப்போறதில்ல." வட்டத்தில் ஏமாற்றம் ஓடியது. "என் பொண்ணு வேண்டாம்னுட்டா." கண்ணாடி கழன்றது. டுவெய்னின் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போனது. "கார்ல வர்றப்ப கேட்டா. அதனால அந்த மழையைப் பத்தி இன்னைக்கு என் வாயில ஒரு வார்த்தை வராது. சந்தை வாசலைப் பத்திச் சொல்ல மாட்டேன். அந்தக் கூடைய நான் மறந்தே போயிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஒரு பொண்ணு தன் அம்மாகிட்ட இப்படிக் கேக்கணும்னா, அவ மனசுல எவ்வளவு பெரிய காயம் இருக்கணும்?"

எல்லாரும் அழுதார்கள். ஜோலீன் விக்கி விக்கி அழுதாள். சொன்ன ஆண்டுகளில்கூட இவ்வளவு கண்ணீர் விழுந்ததில்லை என்பது மார்லிஸுக்கே தெரிந்தது. அடுத்த ஆண்டும் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட அவர் மனம் கணக்குப் போட்டது.

பலகைக்கும் வட்டத்துக்கும் அதிகத் தூரமில்லை. ஈரக்காலோடு சோல்வே நடந்து வந்து, அம்மாவின் முன்னால் கையை நீட்டினாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்த மார்லிஸ், பெருமையோடு கல்லைக் கொடுத்தார்.

"நானும் ஒரு கதை சொல்றேன்" என்றாள் சோல்வே. "இது அம்மாவோட கதை. சீனாவுல என்னைக் கையில வாங்கின அன்னைக்கு, ஹோட்டல் ரூமுக்கு வந்ததும், அம்மா பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைத் தாழ் போட்டுக்கிட்டாங்க. ரொம்ப நேரமா வெளியில வரல. அப்பா தட்டிப் பார்த்திருக்கார். அப்ப உள்ளேருந்து அம்மா ஒண்ணு சொன்னாங்க."

அந்தக் கதவுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்தவர்கள் இரண்டே பேர். மார்லிஸ் டுவெய்னைப் பார்த்தார். டுவெய்ன் ஏரியைப் பார்த்தார். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு, மகளும் தானுமாக மீனுக்குக் காத்திருந்த ஏதோ ஒரு பிற்பகலில், அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கிறார்.

"சோல்வே, இங்க பாரு..." என்று மார்லிஸ் தொடங்கினார்.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்தாள். "கல்லு அவகிட்ட இருக்கு மார்லிஸ்."

சட்டம் போட்டவரே வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாற்காலிகள் கிரீச்சிட்டன, எல்லாரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள். மார்லிஸ் சுற்றிலும் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள், நல்ல முகங்கள். அத்தனையும் அவரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்பாகத்தான். அந்த அன்பின் நடுவே உட்கார்ந்திருக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. எழுந்து போகக்கூடாது என்பதும் சட்டம்.

சோல்வே அவசரப்படவில்லை. ஹாக்கி வட்டு வரட்டும் என்று நிற்கிறவள் அவள்.

"என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்காக எனக்கு அவங்க மேல கோவம் வரல, இன்னும் பிடிச்சுது. ஆனா அது அவங்களோடது. நான் சொல்ல மாட்டேன்."

கல்லை அம்மாவின் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டுப் பலகைக்குப் போய்விட்டாள். வட்டம் மார்லிஸின் வாயையே பார்த்தது. கையில் கல் இருந்தும் அவருக்குப் பேச வரவில்லை. கல்லை டுவெய்னிடம் தள்ளினார். டுவெய்ன் அதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏரி மோசமில்ல" என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஜோலீன் காபி கொண்டுவந்தாள். "கேக்கக்கூடாதுதான். இருந்தாலும், அப்ப என்னதான் சொன்னீங்க?" அவள் போனதும் இன்னொருத்தி பழ ரொட்டியோடு வந்தாள். அடுத்து வந்தவள் எதுவும் கேட்காமல் மார்லிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மார்லிஸ் பட்டுச் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, எல்லாருக்கும் முன்பாகவே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மினசோட்டாவில் ஒருவர் விடைபெறாமல் காரில் ஏறினார் என்றால் அது சாதாரண விஷயமல்ல.

அம்மையார் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், கல்லாவில் இருந்த பெண் சோல்வேயைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா எந்த ஊருங்க?" என்றாள். மார்லிஸின் கை தானாகவே மூக்குக் கண்ணாடி வரைக்கும் போய்விட்டது. சோல்வே பக்கத்தில் நின்று வறுவல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது. "அவளையே கேளுங்க" என்றார் மார்லிஸ். அந்தச் சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"நார்த்ஃபீல்ட்" என்று தாங்கள் வாழும் ஊரைச் சொன்னாள் சோல்வே, வாய் நிறைய வறுவலோடு. கல்லாப் பெண்ணுக்குச் சப்பென்று போயிற்று.

உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மார்லிஸ் சொன்னது என்ன என்பதைக் கடைசி வரியிலாவது போட்டு உடைப்பார்கள் என்று இவ்வளவு தூரம் படித்து வந்தீர்கள், இல்லையா? தவறில்லை. அன்பாகத்தான் கேட்கிறீர்கள். அந்த வட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது; கொசு மருந்தைப் பூசிக்கொண்டு போய் உட்காருங்கள். உங்கள் மகன் எந்த வயதுவரை படுக்கையை நனைத்தான் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்களே, அதை அங்கே இன்னும் நன்றாகச் சொல்லலாம். அவனை மட்டும் கூட அழைத்துப் போகாதீர்கள். அவனுக்கும் உங்களைப் பற்றி ஒரு கதை தெரியும்.