புட்டுப் பெட்டியும் பதினாலாம் பிரிவும்

மத்தியானம் ஒரு மணிக்கு மனிசருக்குப் பசிக்கும். இது எந்த நாட்டுச் சட்டத்துக்கும் விரோதமில்லை. மோர்டனிலிருந்து ரயிலேறி, லண்டன் நகரத்துக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன தியாகராஜாவின் மகள் மிதுஷாவுக்கும் அப்படித்தான் பசித்தது. வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அவளுடைய பெட்டியில் புட்டு. செவன் கிங்ஸிலிருந்து வரும் துஷ்யாவின் பெட்டியில் முட்டைப் பொரியலும் சம்பலும். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு சாப்பாடு. ஆனபடியால் முதல் கிழமையே இரண்டு பேரும் கூட்டாளிகளாகிவிட்டார்கள். கன்டீனில் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசை மூக்கைச் சுளிக்கும். அதனால் நூலகத்துக்குப் பின்னால் இருந்த கல்படியில் குந்தியிருந்து, ஒரே கரண்டியால் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்ட புட்டின் ருசி மிதுஷாவுக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

ஒக்டோபர் மழை வந்தது. நனைந்த புட்டு என்னத்துக்காகும்? ஒரு சின்ன அறை கேட்போம் என்று இருவரும் மாணவர் சங்கங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மணி இருந்தார்.

"அறைகள் பதிவுசெய்யப்பட்ட சங்கங்களுக்கு மாத்திரமே வழங்கப்படும்," என்றார் அம்மணி. "உங்கள் சங்கத்தின் நோக்கம் யாது?"

"சாப்பிடுறது," என்றாள் மிதுஷா.

அம்மணி கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். "சாப்பிடுவதற்குக் கட்டம் இல்லை. சமயம், விளையாட்டு, அரசியல், சகோதரித்துவம். இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்."

துஷ்யா மிதுஷாவின் காதுக்குள் சொன்னாள்: "சமயம் எண்டால் சண்டை வரும். விளையாட்டு எண்டால் ஓடவேணும். அரசியல் எண்டால் அப்பா கொல்லுவார்."

"அப்ப சகோதரிதான்," என்றாள் மிதுஷா. அம்மணியிடம், "அந்தச் சங்கத்து அறையில சாப்பிட ஏலுமோ?" என்று கேட்டாள்.

"சகோதரித்துவம் நடைபெறும்போது உணவும் தற்செயலாக நிகழுமாயின் இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. பதினைந்து கையொப்பங்களும், சங்கத்தின் சட்டதிட்டங்களும் கொண்டுவாருங்கள்."

இரண்டு பேருக்குப் பசித்ததற்குப் பதினைந்து கையொப்பம். பிள்ளைகள் திகைத்துப்போய் நின்றபோது கைகொடுத்தவள் சுப்ரியா. ஹவுன்ஸ்லோக்காரி, தமிழ்நாட்டுப் பெற்றோர், கையில் எந்நேரமும் போன். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சங்கம் வைத்து ஆடுவதையும் அழுவதையும் அதில் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

"சும்மா சங்கம்னு வெச்சா யாரு வருவா? அங்கெல்லாம் இதுக்குன்னு ஒரு ஸ்டைல் இருக்கு. மூணு கிரேக்க எழுத்து. ஒரே கலர் ஹூடி. ஒரு சத்தியப்பிரமாணம். புதுசா வர்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு அக்கா. ஆளெல்லாம் தானா வரும், நான் பாத்துக்கிறேன்."

"எங்களுக்குக் கிரேக்கம் தெரியாதே," என்றாள் துஷ்யா.

"அவங்களுக்கு மட்டும் தெரியுமா?"

நியாயமான கேள்வி. மூன்று எழுத்துகள் பார்வைக்கு வைத்துத் தெரிவுசெய்யப்பட்டன. ஒன்று கூடாரம் மாதிரி, மற்றது வாசல்நிலை மாதிரி. மூன்றாவது அச்சாக அம்மன் கோயில் சூலம் மாதிரியே இருந்ததால் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஹூடிக்காகவே பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டார்கள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

மிச்சம் சட்டதிட்டம்தான். அதற்கு மிதுஷா வெளியில் அலையவேண்டியிருக்கவில்லை. அவளுடைய தகப்பன் தியாகராஜா, ஊரில் தான் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்குப் பதினொரு வருசம் செயலாளர்.

"சட்டதிட்டமோ? இதுக்கேன் பிள்ளை மண்டையை உடைக்கிறாய்? எங்கடையைக் கொண்டுபோ. எங்கட சங்கம் ரெண்டுதரம் உடைஞ்சது. ஆனா சட்டதிட்டத்தில ஒரு கீறல் விழேல்ல."

மிதுஷா 'பழைய மாணவர்' என்று இருந்த இடமெல்லாம் 'சகோதரிகள்' என்று மாற்றினாள். மற்றதை அவளும் வாசிக்கவில்லை, அம்மணியும் வாசிக்கவில்லை. அம்மணி பக்கங்களை எண்ணினார். இருபத்திரண்டு. "மிகச் சிறப்பு," என்று சொல்லி இரண்டாம் மாடியில் ஒரு அறையின் திறப்பைக் கையில் வைத்தார். அறைக்குள் ஒரு மைக்ரோவேவும் இருந்தது. மிதுஷாவும் துஷ்யாவும் அதைக் கண்டதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் மேசையைச் சுற்றிப் பதினெட்டுப் பெட்டிகள். புட்டு சூடேறி மணம் வந்தது. மிதுஷா மூடியில் கை வைத்தாள். அந்நேரம் பார்த்து, செயலாளராக நியமனம் பெற்றிருந்த சுப்ரியா சட்டதிட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்து பார்த்தாள்.

"ஒரு நிமிஷம். பதினாலாம் பிரிவுல என்னமோ இருக்கு. 'கூட்டமானது நன்றியுரையுடன் முறைப்படி நிறைவுறும்வரை எந்தவொரு உணவுப் பொதியும் திறக்கப்படலாகாது.'"

"இதென்ன விசர்க் கதை?" என்றாள் துஷ்யா.

மிதுஷா தகப்பனுக்குப் போன் போட்டாள்.

"ஓமோம், அது நான்தான் போட்டனான்," என்றார் தியாகராஜா பெருமையாக. "சனம் வந்த உடன ரோல்ஸைத் திண்டுபோட்டு, தலைவர் வாய் திறக்கமுதல் காரடிக்குப் போயிடும். எண்பத்தெட்டுப் பேர் வந்த கூட்டத்தில நன்றியுரை கேட்க ஆறு பேர். பதினாலைப் போட்டாப் பிறகு ஒரு குஞ்சும் அசையிறேல்ல."

"அப்பா, எங்களுக்கு மத்தியானம் ஒரு மணித்தியாலம்தான் இருக்கு."

"அப்ப கூட்டத்தைக் கெதியா முடியுங்கோ."

அதற்குத்தான் ஒன்பதாம் பிரிவு விடவில்லை. மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, சிறப்புரை, வேறு விடயங்கள், நன்றியுரை. இந்த வரிசை மாறக்கூடாது. நெருப்பு மூட்டினால் அலாரம் அடிக்கும் என்பதால் பற்றரியில் எரியும் குத்துவிளக்கு வாங்கினார்கள். ஆனால் விளக்கை ஐந்து பேர் ஏற்றவேண்டும் என்று எழுதியிருந்தது. எனவே ஒரே சுவிட்சை ஐந்து பேர் சேர்ந்து அழுத்தினார்கள்.

பதினாலாம் பிரிவை நீக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டார்கள். அந்தத் தீர்மானம் 'வேறு விடயங்கள்' என்பதன் கீழ்தான் வரமுடியும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு வரும்போது இரண்டு மணி அடித்துவிடும். பெட்டிகள் திறக்காமலே வகுப்புக்குப் போகும்.

இப்படிப்பட்ட சங்கம் ஒரு மாதத்தில் கலைந்திருக்கவேண்டும். கலையவில்லை, வளர்ந்தது. பசி எல்லோருக்கும் வரும், பதவி எல்லோருக்கும் வராது. இங்கே வந்தது. செவன் கிங்ஸ் கிழக்குக்கு ஒரு இணைப்பாளர், மேற்குக்கு ஒருத்தி. ஹூடி நிறத்துக்கு உபகுழு. குத்துவிளக்கின் பற்றரிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர், அவளுக்கு ஒரு உதவியாளர். தை மாதம் உறுப்பினர் இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் பதவி இல்லாதவர் மூன்று பேர். அவர்களுக்குப் 'பதவி இல்லாதோர் பிரதிநிதி' என்று ஒருத்தியைத் தெரிவுசெய்தபிறகு இரண்டு பேர்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு அக்கா என்றால், அக்காமாருக்கெல்லாம் மேலே ஒரு பேரக்கா வேண்டும் என்றாள் சுப்ரியா. அதில்தான் நெருப்புப் பிடித்தது.

"நான் உன்னிலும் பத்தொன்பது நாள் மூப்பு," என்றாள் துஷ்யா.

"கையெழுத்தில நான்தானே முதல்," என்றாள் மிதுஷா.

"அந்தப் பேனை என்ரை!"

வாக்கெடுப்பில் மிதுஷா பேரக்காவானாள். துஷ்யாவுக்கு ஆயுட்காலத் துணைப் பேரக்கா என்ற பதவி தரப்பட்டது. அன்றிலிருந்து இருவரும் தீர்மானங்கள் மூலம் மட்டும் பேசிக்கொண்டார்கள். மிதுஷா இரண்டு மணிக்குப் பிறகு, வகுப்புக்குப் போகும் வழியில் லிஃப்டுக்குள் நின்று ஆறின புட்டை வாயில் அடைத்தாள். சம்பல் இல்லாத புட்டு தொண்டையில் இறங்க மறுத்தது. பேரக்கா விக்கினாள்.

மாசியில் ஒரு செய்தி வந்தது. மாணவரிடையே தனிமையை ஒழித்த தலைசிறந்த சங்கம் என்ற விருது இவர்களுக்கே! அம்மணி நாலாவது அட்டையும் தொங்கவிட்டுக்கொண்டு படப்பிடிப்பாளரோடு வந்தார்.

"ஸ்தாபகர் இருவரும் உணவைப் பகிர்ந்துண்பதுபோல் ஒரு படம் தேவை."

"மேடம், நன்றியுரை இன்னும் முடியல," என்றாள் சுப்ரியா. "பெட்டி திறக்க முடியாது."

"உண்பதுபோல் இருந்தால் போதுமானது."

மிதுஷா வெறும் கரண்டியை நீட்டினாள். துஷ்யா வாயைத் திறந்தாள். கல்படியை விட்டு நாலு மாதத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்ட முகம் பார்த்தார்கள். யாருடைய வயிறோ கடாமுடா என்றது. படம் மிக நன்றாக வந்தது என்றார்கள். இப்போதும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

கூட்டம் முடிந்ததும் மிதுஷாவின் கால் தானாக நூலகத்துப் பின்படிக்குப் போனது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துஷ்யா.

படியில் ஹூடி போடாத இரண்டு பிள்ளைகள் குந்தியிருந்து ஒரே பெட்டியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் மஹதி என்பவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிக்குதாக்கா? உக்காருங்க, நிறைய இருக்கு."

இருவரும் இருந்தார்கள். துஷ்யா கரண்டியை வாங்கினாள். வாங்கினவள் தான் சாப்பிடவில்லை, மிதுஷாவிடம் நீட்டினாள்.

"நீ முதல்."

மிதுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் அவள் வாயைத் திறந்து சாப்பிட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் நாலு மாதமாக அவள் உரையாற்றாமல் அந்த வாயைச் சாப்பாட்டுக்குத் திறந்ததில்லை. எழுந்து நின்றாள்.

"சாப்பிடமுதல், இந்த இடத்தில ரெண்டு வார்த்தை..."

"நன்றியுரை என்ரை," என்று துஷ்யாவும் எழும்பினாள்.

இரண்டு வார்த்தை பன்னிரண்டு நிமிசம் போனது. கேட்ட பிள்ளைகள் இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். நன்றியுரை முடிந்து குனிந்து பார்த்தபோது பெட்டியில் ஒரேயொரு மோர்மிளகாய் கிடந்தது. மிதுஷா அதை இரண்டாக முறித்து, பெரிய பாதியைத் துஷ்யாவுக்குக் கொடுத்தாள்.

"நல்லாப் பேசினாய்," என்றாள் துஷ்யா, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உன்ரை நன்றியுரையும் திறம்."

மஹதி பெட்டியை மூடினாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அக்கா, அடுத்த கூட்டம் எப்போ? இன்னிக்கு வரவேற்புரை யாருமே பேசலையே, அதை எனக்குக் குடுப்பீங்களா?"